ஜெர்மனியில் "டாக்டர் தந்தை" தேடும் மாணவர்கள்

ஆராய்ச்சி படிக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கும் நாடு உண்டா? உண்டு. ஜெர்மனியில் அந்த வழக்கம் இருக்கிறது.

உயிரியலில் எம்.எஸ்சி. முடித்தவர்கள், அதற்கு மேல் ஆராய்ச்சி செய்து "டாக்டர்" பட்டம் பெறலாம். இவர்கள் வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் அல்ல. நோய்க் கிருமி எப்படி வளர்கிறது, கருவில் உயிர் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவர்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு ஜெர்மனி பெயர் பெற்ற நாடு. ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானி காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்து, 1882-ல் பெர்லின் நகரில் அறிவித்தார். கிறிஸ்டியானே நுஸ்லைன் போல்ஹார்டு என்ற பெண்மணி, ஈயின் முட்டைக்குள் உடல் உருவாகும் விதத்தை ஆராய்ந்து, 1995-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது டூபிங்கன் பல்கலைக்கழகத்தில்.

தந்தையும் தாயும்

அங்கே இடம் பிடிப்பது எப்படி?

கல்லூரிக்கு மனுப் போடுவதுபோலப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதாது. முதலில் ஒரு பேராசிரியரைத் தேட வேண்டும். "இவரை ஏற்றுக்கொள்கிறேன்" என்று அவர் சொன்ன பிறகே பல்கலைக்கழகம் பதிவு செய்துகொள்ளும்.

அந்தப் பேராசிரியரை ஜெர்மானியர் "டாக்டர் தந்தை" என்று அழைக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் "டாக்டர் தாய்"!

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் பதில் வருவது கடினம். பேராசிரியரின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க வேண்டும். அவற்றில் தன் மனதைக் கவர்ந்தது எது, சோதனைச் சாலையில் தனக்குத் தெரிந்த வேலை என்ன என்று ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

இன்னொரு வழி

மாக்ஸ் பிளாங்க் சங்கத்துக்கு 80-க்கு மேற்பட்ட ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. இவை பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, 2000-ம் ஆண்டு முதல் ஆராய்ச்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. இங்கே மனு வாங்கி, பேட்டி கண்டு, பல மாணவர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். வேலை நிலையத்தில் நடக்கும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்.

1925-ல் தொடங்கிய "டாட்" என்ற கல்வி அமைப்பு, வெளிநாட்டாருக்கு உதவிச் சம்பளம் கொடுக்கிறது. எங்கே இடம் இருக்கிறது என்ற விவரங்களையும் இலவசமாகத் தருகிறது.

சம்பளம் எவ்வளவு?

ஆராய்ச்சி மாணவர் பலர், பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே இருப்பார்கள். ஆனால் முழுச் சம்பளம் எல்லோருக்கும் கிடைக்காது. சிலருக்கு அதில் 50 சதவீதம், சிலருக்கு 65 சதவீதம். வேலையோ நாள் முழுவதும் இருக்கும்!

ஆராய்ச்சிக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு ஒரு முறை சிறு தொகை கட்ட வேண்டும். பல ஊர்களில் பஸ், ரெயில் பாசும் இதில் அடங்கும்.

உயிரியல் ஆராய்ச்சியை ஆங்கிலத்திலேயே எழுதலாம். கடைக்குப் போகவும், வீடு பிடிக்கவும் ஜெர்மன் மொழி உதவும்.

ஏமாற வேண்டாம்

"பேராசிரியரிடம் இடம் வாங்கித் தருகிறேன், பணம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேராசிரியருக்கு மாணவர் நேராகவே எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

இடம் கிடைத்ததும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சம்பளம் எத்தனை சதவீதம்? ஒப்பந்தம் எத்தனை வருஷம்? பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது? பதில் கைக்கு வந்த பிறகு பயணச் சீட்டு வாங்கினால் போதும்.