வீட்டுக் கணக்கு – 14: பிள்ளையின் பெயர் எழுதிய பத்திரம்

பெண் குழந்தைகளுக்கான ‘சுகன்யா சம்ரிதி’ கணக்கை மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கியது. நம் ஊர் அஞ்சலகங்களில் அது ‘செல்வமகள்’ ஆனது. செல்வமகள் வந்தபின் மகன் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் ‘பொன்மகன் பொது வைப்பு நிதி’ வந்தது. அழகான பெயர். விதிகளைப் புரட்டினால், 1968 முதல் நாட்டில் இருந்துவரும் பி.பி.எஃப்.தான் அது. அதே வட்டி, அதே 15 ஆண்டு. அப்பா பெயரில் ஒரு கணக்கும் மகன் பெயரில் ஒரு கணக்கும் இருந்தாலும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. மகன் பெயரைப் போட்டதால் ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்ட முடியாது. வட்டியும் ஒரு பைசா ஏறாது. ஏற்கெனவே இருந்த நல்ல திட்டத்தைப் பல வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த பெயர் என்பதால் அஞ்சல் துறையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தால் பெற்றோரின் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதை அஞ்சல் துறை மட்டுமா தெரிந்துவைத்திருக்கிறது?

பிள்ளைகளின் எதிர்காலத்துக்குச் சேமிக்கும்போது திட்டத்தின் பெயரை மறந்துவிட்டு, பணம் எந்த வருடம், எந்த மாதம் தேவைப்படும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது தலைகீழ். முதலில் திட்டம் வருகிறது. தெரிந்தவர் சொன்னார், ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார், வருமான வரிக்கு மார்ச்சில் ஏதாவது கட்ட வேண்டியிருந்தது. தேவை பிறகு வந்து அந்தத் திட்டத்தின் கதவைத் தட்டுகிறது. கதவு அப்போது திறக்குமா என்பது அதிர்ஷ்டம். (இடைச்செருகலாக ஒன்று: புதிய வருமான வரி முறையில் 80சி கழிவு இல்லை. அந்த முறைக்கு மாறியவர்களுக்கு மார்ச் மாத அவசரத்துக்கு இனிக் காரணமே இல்லை; பழக்கம் மட்டும் மிச்சம்.)

முதலில் ‘சில்ட்ரன்ஸ் பாலிசி’. கணக்குக்கு ஒரு கற்பனை பாலிசியை வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் 18 ஆண்டு கட்டினால், முடிவில் 3.6 லட்சம் கிடைக்கும். கட்டியது மொத்தம் 2.16 லட்சம்தானே, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக அல்லவா வருகிறது என்று மனம் கூட்டிப் பார்த்து மகிழ்கிறது. 18 ஆண்டு என்பதை மனம் மறந்துவிடுகிறது. வட்டியாக மாற்றினால் இது ஆண்டுக்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதே 12,000 ரூபாயை ஆண்டுத் தொடக்கத்தில் பி.பி.எஃப்.பில் போட்டு, 15 ஆண்டு முடிந்தபின் நீட்டித்துக்கொண்டு, இப்போதுள்ள 7.1 சதவீத வட்டி மாறாமலிருந்தால் 18 ஆண்டு முடிவில் சுமார் 4.4 லட்சம் இருக்கும். வித்தியாசம் 80,000 ரூபாய். ‘அதில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே’ என்பது உடனே வரும் பதில். இருக்கிறது. ஆனால் யாருடைய உயிருக்கு? இந்த வகை பாலிசிகள் பலவற்றில் காப்பீடு குழந்தையின் உயிருக்கு. குழந்தை சம்பாதிப்பதில்லை, அதன் சம்பளத்தை நம்பி யாரும் இல்லை. சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ இறந்தால் மீதி பிரீமியத்தைத் தள்ளுபடி செய்யும் வசதி பெரும்பாலும் தனியாகக் காசு கட்டி வாங்க வேண்டிய இணைப்பு. அப்படி வாங்கினாலும், பாலிசி தொடருமே தவிர, நின்றுபோன சம்பளத்தை அது ஈடு செய்யாது. அந்த வேலையை டேர்ம் இன்ஷூரன்ஸ் செய்யும். முப்பது வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. உயிரோடு இருந்தால் ஒன்றும் திரும்பி வராதே என்று அதை வாங்க மறுக்கிறோம். வீடு எரியவில்லையே என்று தீக்காப்பீட்டுக் காசைத் திருப்பிக் கேட்கும் வியாபாரி யாராவது உண்டா?

செல்வமகள் கணக்கு இதைவிட எவ்வளவோ மேல். 2015-16இல் 9.2 சதவீதமாக இருந்த வட்டி 2020 ஏப்ரலில் 7.6 வரை இறங்கி, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. அரசு அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது, ஆகவே ஏறலாம், இறங்கலாம். பத்து வயதுக்குள் கணக்கைத் தொடங்க வேண்டும். 15 ஆண்டு கட்ட வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில் முதிர்கிறது. இந்த 21 என்ற எண்ணைப் பலர் மகளின் வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கணக்கின் வயது. மகள் பிறந்தவுடன் தொடங்கினால் அவளுக்கு 21 வயதில் பணம் வரும். ஒன்பது வயதில் தொடங்கினால் முப்பதில் வரும். கல்லூரிக் கட்டணம் அவ்வளவு நாள் காத்திருக்காது. இடையில் எடுக்கலாம்: பத்தாம் வகுப்பு தேறியபின் அல்லது 18 வயதானபின், உயர்கல்விக்காக, முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரை. அதுவும் கட்டணச் சீட்டையோ சேர்க்கைக் கடிதத்தையோ காட்டி, அதில் உள்ள தொகைக்கு மேல் போகாமல். ஹாஸ்டலுக்கு முன்பணம், மடிக்கணினி, நுழைவுத் தேர்வுப் பயிற்சி இவற்றுக்கெல்லாம் கல்லூரியின் சீட்டு இருக்காது. கலந்தாய்வில் இடம் கிடைத்தபின் பணம் கட்டச் சில நாள்தான் தருவார்கள். அந்த வாரத்தில் வீட்டில் வேண்டியது பாதி பூட்டிய கணக்கல்ல. கேட்டவுடன் கையில் வரும் பணம்.

இங்கே என் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை நானே காட்டிவிடுகிறேன். பூட்டு இல்லாத பணம் எந்த வீட்டில் தங்கியது? மச்சினன் கல்யாணம், கடைக்குச் சரக்கு, திடீரென்று ஓர் ஆபரேஷன் என்று கேட்டவர் கைக்கெல்லாம் போய்விடும். பிள்ளையின் பெயர் எழுதியிருந்தால் மட்டுமே தொடாமல் விடுகிறோம். இது உண்மை, அதிலும் மகள் விஷயத்தில் இரட்டிப்பு உண்மை. தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தி மகளுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு கொடுத்தது, நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. அப்படியிருந்தும் எத்தனை வீடுகளில் மகள் ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள்! செல்வமகள் கணக்கில் அந்தக் கையெழுத்துக்கு இடமில்லை. 18 வயதானதும் கணக்கை அவளே இயக்கலாம். அதை வைத்துக் கடன் வாங்கும் வசதி கிடையாது. ஆகவே மகளுக்காக ஒரு பங்கைப் பூட்டி வைப்பதற்கு நான் எதிரியல்ல. முழுச் சேமிப்பையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிட்டு, படிப்புக்கும் அதுவே உதவும் என்று நம்புவதைத்தான் தவறு என்கிறேன். அதோடு, அந்தத் தொகை எதை வாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 12,000 ரூபாய் 15 ஆண்டு போட்டால், 8.2 சதவீதம் மாறாமலிருந்தால், 21 ஆண்டு முடிவில் சுமார் 5.7 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அதன் இன்றைய மதிப்பு 1.7 லட்சத்தை ஒட்டி நிற்கும். பாஸ்புக்கில் உள்ள எண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தங்கத்தைச் சொல்லாமல் நம் ஊரில் சேமிப்பைப் பற்றிப் பேச முடியாது. 2025இல் பத்து கிராம் சுத்தத் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டியபின், ‘பாட்டி சொன்னதே சரி’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். விலை ஏறியது உண்மை. ஆனால் 2012இல் பத்து கிராம் சுமார் 31,000 ரூபாய், 2018இலும் கிட்டத்தட்ட அதே 31,000. நடுவில் 2015இல் 26,000 சொச்சத்துக்கு இறங்கியது. 2012இல் வாங்கி 2018இல் மகனைக் கல்லூரியில் சேர்த்த வீட்டுக்குத் தங்கம் ஆறு வருடம் ஒரு பைசாகூடத் தரவில்லை. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் கடையிலேயே நின்றுவிடுகின்றன. விற்கவும் மனம் வராது. மகளுக்கென்று எடுத்த சங்கிலியைக் கட்டணம் கட்ட விற்கமாட்டார்கள்; அடகு வைப்பார்கள். நம்முடைய சேமிப்புக்கு நாமே வட்டி கட்டும் விசித்திரம் அங்கே தொடங்குகிறது.

பங்குச் சந்தையை நம்பும் இளைய பெற்றோரும் தேதியைத்தான் மறக்கிறார்கள். பத்து, பதினைந்து ஆண்டு கையில் இருந்தால் மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது விலைவாசியை முந்த நல்ல வழி; அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அந்த அக்டோபரில் 9,000க்கும் கீழே போனது. 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்டது மார்ச்சில் 26,000க்கும் கீழ். இரண்டு முறையும் சந்தை மீண்டு வந்தது. கட்டணம் கட்டும் கடைசித் தேதி அதற்காகத் தள்ளிப்போகவில்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு போகும்போதே அந்தப் பணத்தைச் சிறிது சிறிதாக எடுத்து வங்கி டெபாசிட்டுக்கு மாற்றத் தொடங்க வேண்டும். பிளஸ் டூ தேர்வு எழுதும்போது முதல் இரண்டு வருடச் செலவாவது சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும். கணக்கு மைனர் பெயரில் இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. 18 வயது முடிந்ததும் பிள்ளையின் சொந்த ஆவணங்களைக் கொடுத்து மேஜர் கணக்காக மாற்றும் வரை பணம் அசையாது. சேர்க்கை நடக்கும் வயதும் ஏறக்குறைய அதேதான்.

இதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களின் கதை, கையில் மிஞ்சாதவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். அவனுக்குத் தேதி இன்னும் முக்கியம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. அந்த வீட்டுக்கு லட்சக்கணக்கில் பத்திரம் வேண்டாம். சேரும் மாதத்தில் பயணம், ஹாஸ்டல், துணிமணி, புத்தகம் என்று வரும் முதல் செலவுக்குக் கையில் காசு இருந்தால் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயில் தொடங்குகிறது, ஐந்து ஆண்டில் முதிர்கிறது. பிள்ளை எட்டாம் வகுப்பு சேரும் ஜூனில் தொடங்கினால், கல்லூரியில் கால் வைக்கும் ஜூனில் பணம் கையில் இருக்கும். திட்டத்தின் பெயரில் குழந்தை இல்லை. தேதி மட்டும் சரியாகப் பொருந்துகிறது.

எந்தக் குழந்தைத் திட்டத்திலும் எழுதாத ஒரு செலவு இன்னும் பாக்கி. தனியார் நிறுவன ஊழியருக்கு பி.எஃப். ஓய்வூதியம் எவ்வளவு வரும்? 2014இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்து 35 ஆண்டு வேலை செய்தவருக்கு, 15,000ஐ 35ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 7,500. மகளின் கல்யாணம், மகனின் படிப்பு என்று எல்லாவற்றையும் கரைத்த அப்பாவின் மாத வருமானம் அதுதான். மீதியை யார் கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்: முப்பது வயதில் வீட்டு வாடகையும் தன் குழந்தையின் ஃபீஸும் கட்டிக்கொண்டிருக்கும் அதே பிள்ளை. படிப்புக்கு வங்கி கடன் தருகிறது, படித்து முடித்தபின் தவணை கட்டலாம். முதுமைக்கு அப்படி எந்த வங்கியும் தருவதில்லை. கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கல்லூரிச் செலவின் ஒரு பகுதியைக் கல்விக் கடனுக்கு விட்டுவிட்டு, பெற்றோர் தங்கள் பெயரிலேயே சேர்ப்பதைத் தன்னலம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடனும் எல்லோருக்கும் எளிதில் கிடைப்பதல்ல; அதை அடுத்த வாரம் பார்ப்போம்.