முன்சீபின் ஓய்வுக்காலம், பண்டிதரின் தோட்டம்

மாயூரத்தில் 13 ஆண்டுகள் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1872-ல் உத்தியோகத்தை விட்டு விலகினார். அப்போது அவருக்கு 46 வயதுகூட நிறையவில்லை. ஒருபுறம் உடல்நலக் குறைவு, மறுபுறம் மேலதிகாரியுடன் மனக்கசப்பு. வழக்கும் வாய்தாவுமாக நிறைந்திருந்த நாட்கள் ஒரேயடியாகக் காலியாகிவிட்டன. இன்று அவரை நாம் நினைவில் வைத்திருப்பதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு நடந்தவைதான்.

காவிரி டெல்டாவில் இந்தக் காலியிடத்தை அறியாத குடும்பம் குறைவு. பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ ஓய்வுபெற்றவர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் தாய் என எல்லோரிடமும் ஒரே கேள்வி நிற்கிறது: இனி எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும்? வேலையில் இருப்பவர்களையும் இந்தக் கேள்வி விட்டுவைப்பதில்லை. கிறிஸ்தவ விசுவாசம் இதற்குத் தரும் பதில் சுற்றி வளைக்காதது. செய்கிற வேலை எதுவானாலும் அதைக் கடவுளுக்கான காணிக்கையாகவும் அயலாருக்கான தொண்டாகவும் செய்யலாம். அப்படிச் செய்கிறவருக்குச் சம்பளம் நின்றாலும் வேலை நிற்காது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றில் சமையற்கட்டில் உழைத்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரம் கழுவும் நேரத்தையும் ஜெபநேரமாகவே கருதினார். அவர் சொன்னதைத் தஞ்சை மண்ணில் தத்தம் வழியில் வாழ்ந்து காட்டியவர்கள் இருவர்.

முதலாமவர் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீபானார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். நீதிமன்ற நடைமுறை ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழர்களுக்குத் தங்கள் வழக்கில் என்ன நடக்கிறதென்றே புரியாத காலம் அது. 1805 முதல் 1861 வரையிலான மேல் நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் தமிழில் தொகுத்து வெளியிட்டார். அவருடைய பக்தி, கோவிலோடு நின்றுவிடாமல் கச்சேரி வரை அவரோடு வந்தது. 1859-ல் வெளியான அவருடைய ‘நீதி நூல்’ கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடுகிறது. அதை எழுதியவர் தாமே நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் அதன் சொற்களுக்குக் கூடுதல் கனம்.

பதவி போன பிறகுதான் அந்த விசுவாசத்துக்குப் பெரிய சோதனை வந்தது. 1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. பாசனம் இருந்ததால் தஞ்சைப் பகுதி வறண்ட மாவட்டங்களைப் போல் அடிபடவில்லை. ஆனாலும் நெல் விலை ஏறியது. கூலிக்காரர்கள் பசியில் தவித்தார்கள். வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். தம்மால் இயன்றதைக் கொடுத்ததோடு, வசதி படைத்தவர்களையும் கொடுக்கத் தூண்டினார். பஞ்சம் நீங்க வேண்டுமென்று இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் இயற்றினார். ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கத்தோலிக்கரின் கொடையை வியந்து தாமே ஒரு கீர்த்தனம் பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவரைப் பாடியது அந்த ஊரில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வேதநாயகம் பிள்ளை உயிர் நண்பர். திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர்மீது அவர் பாடல்களே இயற்றியிருக்கிறார்.

1878-ல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ வந்தது. எந்த ஒரு தெய்வத்தின் பெயரையும் முன்னிறுத்தாமல், எச்சமயத்தாரும் பாடத்தக்கவையாக அமைந்த பாடல்கள் அவை. இன்றும் கர்நாடக சங்கீத மேடைகளில் ஒலிக்கின்றன. அடுத்த ஆண்டு ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று இலக்கிய வரலாறு பதிவு செய்திருக்கும் அந்த நூல், ஓய்வுபெற்ற ஒரு முன்சீபின் மேசையிலிருந்து வெளிவந்தது. இதற்கிடையே மாயூரம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். பெண்கள் படிக்க வேண்டும் என்பதற்காக உத்தியோகக் காலத்திலேயே ‘பெண்மதி மாலை’ எழுதியவர், நாவலிலும் ஞானாம்பாள் என்ற அறிவும் துணிவும் மிக்க நாயகியைப் படைத்தார். 1887-ல் ‘சுகுண சுந்தரி’ என்ற இரண்டாவது நாவல். 1889-ல் அவர் காலமானார். பதவிக்குப் பின் கிடைத்த 17 ஆண்டுகளில் ஒன்றைக்கூட அவர் வீணாக்கவில்லை.

இரண்டாமவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். சுருளி மலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். தஞ்சாவூருக்குக் குடிவந்து ஆசிரியராக இருந்தவர், பிறகு அந்த வேலையை விட்டுச் சித்த வைத்தியத்தையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். அவருடைய ‘கருணானந்த சஞ்சீவி’ மருந்துகளுக்கு ஊர் கடந்தும் நல்ல கிராக்கி இருந்தது. குரு இந்துத் துறவி, சீடர் ஜெபத்தில் ஊறிய கிறிஸ்தவர். ஆயினும் மருந்துக்கும், தம் தோட்டத்துக்கும், பின்னால் எழுதிய பெருநூலுக்கும் குருவின் பெயரையே சூட்டினார். நன்றி மறவாமையும் தம் விசுவாசத்தின் ஒரு பகுதி என்று அவர் வாழ்ந்தார்.

தஞ்சாவூருக்கு வெளியே ‘கருணானந்தபுரம்’ என்ற பெயரில் அவர் ஒரு தோட்டம் வைத்தார். மூலிகைகள் மட்டுமல்ல, பழமரங்களும் கரும்பும் பயிராயின. புதிய வேளாண்மை முறைகளை அங்கே சோதித்துப் பார்த்தார். பண்டிதர் தோட்டம் என்று ஊரார் அதை அழைத்தார்கள்.

மருந்தில் சம்பாதித்ததை அவர் இசையில் செலவழித்தார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தஞ்சாவூரில் இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் கூட்டினார். வித்துவான்களும் அறிஞர்களும் பல ஊர்களிலிருந்து வந்து சுருதியைப் பற்றி வாதிட்டார்கள். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், பண்டைத் தமிழ் நூல்களின் துணையோடு தம் சுருதிக் கொள்கையை முன்வைத்தார். அவர் சொன்னதை அவருடைய பெண்கள் பாடியும் வாசித்தும் விளக்கினார்கள். பல ஆண்டு உழைப்பு 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்று ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலாக வந்தது. சிலப்பதிகாரத்தின் இசை இலக்கணத்தை மீட்டெடுக்க முனைந்த அந்த நூலின் ஆசிரியர், இசை பயிலும் பிள்ளைகளுக்காக எளிய தமிழில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றியிருக்கிறார். தெலுங்கு கீர்த்தனைகள் கோலோச்சிய காலத்தில், புரிகிற மொழியில் பாடிக் கடவுளைத் துதிக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். 1919-ல் மறைந்தார்.

வைத்தியம், விவசாயம், இசை என மூன்று தொழில்கள் அவருக்கு. ஆனால் அவர் அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுப்பதும், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும், பாட்டுக்கு மெட்டமைப்பதும் ஒரே வழிபாடாக அவரிடம் சேர்ந்தன.

இருவரும் பேரறிஞர்கள்; சாதாரண மனிதர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். அதற்கான விடை டெல்டாவின் கிராமக் கோவில்களிலேயே கிடைக்கிறது. சீர்திருத்த சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கும்போது, நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, கோழி என்று அவரவர் வீட்டு விளைச்சல் பீடத்துக்கு வருகிறது. ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் கிடைக்கும் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து ஒரு பூசணியை எடுக்கிறவர், பூசணிக்காக அதைச் செய்வதில்லை. ஆண்டு முழுதும் சேற்றில் நின்ற உழைப்பு அன்று சபைக்கும் ஏழைகளுக்குமான கொடையாகிறது.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கும்போது டெல்டாச் சாலைகளில் காவி உடுத்த பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்துவிடும். கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் நடக்கிறார்கள். வழியெங்கும் ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு மோரும் சோறும் தருகிறார்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கு அந்தப் பந்தலே யாத்திரை.

ஆனால் செப்டம்பர் 8 திருநாள் முடிந்ததும் வருகிற சாதாரண வாரங்கள்தான் கடினமானவை. அவற்றுக்காகவும் திருச்சபை ஏற்பாடுகள் வைத்திருக்கிறது. 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பால் சபை, இன்று தமிழகப் பங்குகளிலும் ஏழைக் குடும்பங்களை வீடு தேடிச் சென்று பார்க்கிறது. 1921-ல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனையில் ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் ஒரு பணி உண்டு; அதை முடித்து அடுத்த கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடும் அன்பியத்தில் வேதாகமம் வாசித்த பிறகு ஊர் நிலவரம் பேச்சுக்கு வருகிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு யார் துணைக்குப் போவது, அப்பாவை இழந்த பிள்ளைக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பேசி, பெயர் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த வேலைகளுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியரும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் தாயும் முதலில் கை தூக்குகிறார்கள்.