சின்னம்மை ஊசி: 'வந்துட்டுப் போகட்டும்'னு விடலாமா?

மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கினால் தெருவில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். 'அம்மா வந்திருக்கா' என்று பக்கத்து வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். 'நம்ம பிள்ளைக்கு ஊசி போட்டோமா?' என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

'அதான் தட்டம்மை ஊசி போட்டாச்சே' என்பார்கள் பலர். அது வேறு, இது வேறு. அரசு சுகாதார நிலையத்தில் 9 மாதம் முடிந்ததும், பிறகு ஒன்றேகால் வயதுக்கு மேலும் இலவசமாகப் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். பாட்டியின் கையில் தழும்பாக இருப்பது பெரியம்மை ஊசி; அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 1980-லேயே அறிவித்துவிட்டார்கள். நீர்க்கொப்புளமாக வரும் சின்னம்மைக்கு ஊசி தனி. தேசிய அட்டவணையில் அது இல்லாததால் பெரும்பாலும் தனியாரிடம்தான் போட வேண்டும். ஒரு தவணைக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆகும். தவணையோ இரண்டு. நடுத்தரக் குடும்பம் யோசிக்கத்தான் செய்யும்.

'ஒருமுறை வந்துட்டுப் போனா ஆயுசுக்கும் வராது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். ஆனால் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வேரில் ஒளிந்திருந்து, ஐம்பது வயதுக்கு மேல் அக்கியாகக் கிளம்பலாம். குயவர் வீட்டில் செம்மண் குழைத்து எழுதிக்கொள்வார்களே, அதே அக்கிதான்.

இன்னொரு விஷயம், வயது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்ன வயதில் சின்னம்மை வராமலே வளர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. கல்லூரி விடுதியிலோ, கல்யாணத்துக்குப் பிறகோ முதல்முறையாக வந்தால் காய்ச்சல் கடுமையாக இருக்கும். நிமோனியா வரை போகலாம். கர்ப்பத்தின் முதல் ஐந்து மாதங்களில் வந்தால் அரிதாகச் சிசுவைப் பாதிக்கும். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், பார்த்த பிறகு பிள்ளையைத் தனி அறையில் வைப்பது தாமதம்தான். வீட்டில் சித்தி முழுகாமல் இருக்கிறாள், தாத்தாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது என்றால் 4,000 ரூபாய் பெரிய தொகையல்ல என்பேன்.

இரண்டு தவணையும் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. மீறி வந்தாலும் குறைவான பொட்டுகளோடு போய்விடுவதே வழக்கம். குழந்தைகளுக்கு முதல் ஊசி 15-வது மாதத்தில். அடுத்தது எப்போது என்பதை மருத்துவர் குறித்துத் தருவார். 13 வயதைத் தாண்டியவர்களுக்கு 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு. ஏற்கெனவே வந்தவர்களுக்குத் தேவையில்லை. இது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி ஊசி. அதனால் கர்ப்பிணிகளும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களும் போடக் கூடாது. கல்யாணமான பெண்கள் ஊசிக்குப் பிறகு ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

பக்கத்து வீட்டில் வந்துவிட்டதா? பழகிய 3 நாளுக்குள் ஊசி போட்டாலும் பலன் உண்டு.

வேப்பிலையும் இளநீரும் இருக்கட்டும். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு வந்தால் முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். அசைக்ளோவிர் மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருந்தால் அதற்கான நேரம் போயிருக்கும்.