இல்லாத பணத்துக்கு ஒரு ஐந்தொகை

கணக்குப் பதிவியலின் அரிச்சுவடியைக் கற்க விரும்புவோருக்கு ஹைதராபாத் ஒரு பாடப்புத்தகம் கொடுத்திருக்கிறது. சில பக்கங்கள்தான், ஆனால் விலை அதிகம். சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம்தான் அது. முந்தைய நாள் ரூ. 179 ஆக இருந்த பங்கின் விலை அன்று மாலை சுமார் ரூ. 40க்கு விழுந்தது. சுமார் 53,000 ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று கலங்கினர். நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதை அந்த நிறுவனம் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

நிறுவனத்தின் 2008 செப்டம்பர் 30ஆம் தேதி ஐந்தொகை பொய் என்பதே கடிதத்தின் சாரம். ஐந்தொகை என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று காட்டும் பட்டியல். ஒரு பக்கம் சொத்துகள். மறுபக்கம் பொறுப்புகளும், அதாவது கடன்களும், உரிமையாளர்களின் மூலதனமும். இரு பக்கமும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். சத்யத்தின் ஐந்தொகையும் சமமாகத்தான் இருந்தது. அங்கேதான் வினை.

ராஜு ஒப்புக்கொண்ட பொய்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

முதலாவது, ரொக்கமும் வங்கி இருப்பும். சொத்துகளிலேயே சந்தேகத்துக்கு மிகக் குறைவாக இடம் தருவது இதுதான் என்று பலரும் நினைப்பார்கள். ஏட்டில் இருந்தது ரூ. 5,361 கோடி. அதில் ரூ. 5,040 கோடி எந்த வங்கியிலும் இல்லை.

இரண்டாவது, சேர்ந்துள்ள வட்டி. கைக்கு வராவிட்டாலும், காலம் கடந்ததால் உரிமையாகிவிட்ட வருமானத்தைக் கணக்கில் எழுதுவது முறை. இல்லாத வைப்புத் தொகைக்கு வட்டி காட்டாவிட்டால் சந்தேகம் வரும். எனவே ரூ. 376 கோடி வட்டியும் பிறந்தது.

மூன்றாவது, கடனாளிகள். சேவையைப் பெற்றுக்கொண்டு பணத்தை இன்னும் தராத வாடிக்கையாளர்கள் இவர்கள். அவர்கள் தர வேண்டிய தொகை நிறுவனத்தின் சொத்து. ஏட்டில் இருந்த ரூ. 2,651 கோடியில் ரூ. 490 கோடி மிகை.

நான்காவது, பொறுப்பு. ராஜு ஏற்பாடு செய்து நிறுவனத்துக்குள் வந்த ரூ. 1,230 கோடி கடனாக எழுதப்படவில்லை. கடனை மறைத்தால் நிறுவனம் சொந்தக் காலில் நிற்பதாகத் தோன்றும். நான்கையும் கூட்டினால் ஓட்டை ரூ. 7,136 கோடி.

இத்தனை ஓட்டையோடும் கணக்கு எப்படிப் பொருந்தியது? விடை இரட்டைப் பதிவு முறையில் இருக்கிறது. 1494ல் வெனிஸ் நகரில் லூகா பாச்சோலி என்ற துறவி அச்சில் விளக்கிய முறை இது. ஒவ்வொரு நடவடிக்கையும் இரண்டு கணக்குகளில் ஏறும்: ஒன்றில் பற்று, மற்றதில் வரவு. புதிதாகக் கற்பவர்கள் குழம்பும் இடம் இது. வீட்டில் காசு வந்தால் அது வரவு. பேரேட்டிலோ வங்கியில் பணம் கூடினால் வங்கிக் கணக்கில் பற்று. அந்தப் பணம் விற்பனையில் வந்தது என்றால் வருவாய்க் கணக்கில் வரவு.

பொய்க்கும் இதே சட்டம்தான். 2008 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வருவாய் ரூ. 2,700 கோடி என்றது சத்யம். உண்மையில் ரூ. 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் ரூ. 649 கோடி என்றது. உண்மையில் ரூ. 61 கோடி. இரண்டிலும் வித்தியாசம் ரூ. 588 கோடி. அந்த மூன்று மாதங்களில் மட்டும் பொய்யான வங்கி இருப்பு ஏறியதும் அதே ரூ. 588 கோடி. விற்பனையில் எழுதிய பொய், சொத்தாக எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். அது வங்கியில் உட்கார்ந்தது. நூறு ரூபாய் வியாபாரத்தில் மூன்று ரூபாய் மிஞ்சிய நிறுவனம், இருபத்து நான்கு ரூபாய் மிஞ்சுவதாகச் சொல்லிக்கொண்டது.

லாப நட்டக் கணக்கு ஒரு காலத்துக்கு உரியது. அந்தக் காலம் முடிந்ததும் மூடப்படும். ஐந்தொகையோ ஆண்டுக்கு ஆண்டு தொடரும். அதனால்தான் சிறிதாகத் தொடங்கிய பொய் மூட்டையாகச் சேர்ந்தது. புலிமேல் சவாரி செய்தது போலிருந்தது, அதற்கு இரையாகாமல் இறங்க வழி தெரியவில்லை என்றார் ராஜு. 2008 டிசம்பரில் குடும்பத்தோடு தொடர்புடைய மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க முயன்றது, பொய்ச் சொத்துகளின் இடத்தில் நிஜச் சொத்துகளை வைக்கும் கடைசி முயற்சி என்றும் எழுதினார். பங்குதாரர்கள் கொதித்தெழ, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

தணிக்கை எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். பேரேட்டின் இரு பக்கமும் சமமாக இருப்பது கூட்டல் சரி என்பதற்கு மட்டுமே சான்று. பணம் உண்டா என்பதைப் பேரேட்டுக்கு வெளியேதான் கேட்க வேண்டும். வங்கிக்குத் தணிக்கையாளரே நேரடியாக எழுதி, பதிலையும் நேரடியாகப் பெறுவது பாலபாடம். சத்யத்தின் தணிக்கையாளர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் இதில் தவறியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2011ல் 60 லட்சம் டாலர் செலுத்தி அவை அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டன.

சத்யத்தை 2009ல் டெக் மஹிந்திரா வாங்கியது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உள்ளிட்ட 10 பேருக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, அவர்கள் ஜாமீனில் வெளிவந்தனர். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தணிக்கையாளர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் வந்தது.

பங்கு வாங்குபவர்கள் லாப எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அந்த லாபம் ஐந்தொகையில் எந்தச் சொத்தாக உட்கார்ந்திருக்கிறது, அது அங்கே இருப்பதை நிறுவனத்துக்கு வெளியே யார் உறுதி செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்குப் பட்டயக் கணக்காளர் பட்டம் தேவையில்லை.