வண்டூர்க் கடலும் ஒரு மெல்லிய சவ்வும்

தெற்கு அந்தமானில், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வண்டூர். 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இதுவே. பவளப்பாறைகளைக் காண ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. ஜாலி பாய்க்குச் செல்வோர் நெகிழிப் பைகளைக் கரையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குப்பையை இவ்வாறு தடுத்துவிடலாம். கரையோர விடுதிகளும் வீடுகளும் வெளியேற்றும் கழிவுநீரைத் தடுப்பது எவ்வாறு?

கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலில் கலந்தால் பாசிகள் பெருகிப் பவளங்களை மூடிவிடும். பவளம் அழிந்தால் மீன்வளம் குறையும். சுற்றுலாவை நம்பியுள்ள படகோட்டியின் வருவாயும் குறையும். மேலும், மழை மிகுந்த இத்தீவுகளிலும் கோடை மாதங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. ஆகவே, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவது இரட்டை நன்மை தரும்.

இதற்கு உதவும் முறைகளுள் ஒன்று சவ்வு வடிகட்டல். வழக்கமான நிலையத்தில், நுண்ணுயிர்கள் கழிவை உண்டபின் தொட்டியில் கசடு தானாகப் படியும்வரை காத்திருக்க வேண்டும். சவ்வு உயிரி உலை முறையிலோ, படிவுத் தொட்டிக்குப் பதிலாக நுண்துளைச் சவ்வுகள் நீரை உறிஞ்சிப் பிரிக்கின்றன. தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இச்சவ்வின் துளையோ 0.1 மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இதைக் கடக்க இயலாது. இடமும் குறைவாகவே தேவைப்படுவதால், நிலம் அரிதான தீவுகளுக்கு இது ஏற்றது.

எனினும், சவ்வு அனைத்தையும் தடுத்துவிடாது. நீரில் கரைந்துள்ள அம்மோனியாவை மாற்றுவது நுண்ணுயிர்களின் பணி. கரைந்த உப்பை நீக்க எதிர்ச்சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ., தேவை. அவ்வாறு பிரித்த உப்புநீரையும் முறையாகக் கையாளாவிட்டால் சிக்கல் இடம் மாறுமேயன்றித் தீராது.

திருப்பூர் இதற்குச் சான்று. நொய்யலாற்றைக் கெடுத்த சாயக்கழிவு தொடர்பான வழக்கில், கழிவுநீர் வெளியேற்றமற்ற நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. சவ்வுகளோடு ஆவியாக்கும் கருவிகளும் அங்கு இன்றியமையாதனவாயின. ஆக்கப்பூர்வமான எடுத்துக்காட்டு சென்னை: கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-இல் இயங்கத் தொடங்கிய நிலையங்கள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் திறனுடையவை.

விடுதி அல்லது உணவகம் அமைக்கக் கடன் கோரும் வாடிக்கையாளருக்கு, ஒரு வங்கி அலுவலராக நான் கூறக்கூடியது இதுவே: திட்ட மதிப்பீட்டில் கருவியின் விலையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சவ்வின்மேல் படியும் கசட்டை அகற்றக் காற்று ஊதும் இயந்திரம் இடையறாது இயங்க வேண்டும். அதற்கான மின்செலவையும் மாற்று மின்னாக்கியையும் சேருங்கள். வேதிப்பொருள் கொண்டு செய்யும் பருவச் சுத்திகரிப்பு, தேறிய கசட்டை அகற்றுதல், பயிற்சி பெற்ற பணியாளரின் ஊதியம் ஆகியவையும் உண்டு. சமையலறை எண்ணெயும் முடியும் சவ்வை அடைக்கும் என்பதால், எண்ணெய் பிரிப்பானும் மெல்லிய சல்லடையும் முன்னரே அமைக்க வேண்டும். சவ்வு தேய்பொருள், சில ஆண்டுகளில் மாற்ற நேரிடும். கப்பலில் வந்து சேரவேண்டிய உதிரிப்பாகத்திற்கான காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது, வணிகவியலில் நாம் கற்ற தேய்மான நிதியேயாகும்.

இச்செலவுகளை ஏற்க இயலாத சிறு விடுதிகள், எளிய சுத்திகரிப்பு முறையைத் தேர்ந்து அதனைச் செம்மையாக இயக்குவதே நலம். பழுதடைந்து நிற்கும் உயர்தொழில்நுட்பக் கருவிக்கும் மாதத் தவணை குறைவதில்லை. கடலுக்கோ அதனால் பயனில்லை.