வயிற்று நோவு என்றுதான் சொன்னாள்

2015ஆம் ஆண்டு தை மாதம் என் மகள் ஆறாம் தரத்துக்குப் போனாள். மாசி முடிவதற்குள், விடிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டுவிடுவாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன், நாவூறும் கழித்தேன். சனி, ஞாயிறுகளில் மட்டும் நோவு வருவதில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது.

நாங்கள் சம்பூர் ஆட்கள். 2006 சித்திரையில் குண்டும் செல்லும் விழுந்தபோது இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டத்தில் அவளுடைய தகப்பன் இல்லாமற் போனார். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து 2007இல் கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று தெரிந்தது. செல்லடியாலா, இடையில் வந்த காய்ச்சலாலா என்று எந்த வைத்தியரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு நிறுவனம் காது மெசின் தந்தது. ஆனால் அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிக் கொடுக்கும். தகரக் கூரையில் மழை பெய்தால் அவள் அதைக் கழற்றிவிடுவாள். பிறகு பிள்ளைகள் பழிப்புக் காட்டியதால் மழை இல்லாத நாளிலும் கழற்றினாள்.

பாடசாலையில் கேட்டேன். "காது கேளாத பிள்ளை அப்படித்தான் ஒதுங்கி இருக்கும், அம்மா" என்றார்கள். அவள் சாப்பிடாததற்கும், இரவில் பதறி எழும்புவதற்கும், புள்ளிகள் குறைந்ததற்கும் அந்த ஒரே பதில்தான். எல்லாப் பழியையும் காதின் மேல் போட்டுவிட்டால் மனதைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? "நிற்பாட்டிப்போட்டுத் தையல் பழக்குங்கோ" என்று அயலில் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அந்த முடிவுக்குக் கிட்ட வந்துவிட்டேன். நான் களை பிடுங்கப் போகும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

முகாமுக்கு வந்துபோன உளசமூகப் பணியாளர்தான் உளநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பயந்தேன். பெண்பிள்ளை, நாளைக்கு "விசர்" என்று பெயர் வந்தால் யார் முடிப்பார்? கொட்டியாரக் குடாவை வள்ளத்தில் கடந்துதான் திருகோணமலைக்குப் போக வேண்டும் என்ற பழைய நிலை இருந்திருந்தால் அதையே சாட்டாகச் சொல்லியிருப்பேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ்ஸிலேயே போகலாம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போனோம்.

அதற்கு முன் பாடசாலையில் ஓர் ஆலோசனை ஆசிரியரும் அவளைக் கூப்பிட்டுக் கதைத்தவர்தான். நல்ல மனுசி. ஆனால் அந்த அறைக்குள் மற்ற ஆசிரியர்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். கேட்கவும் கதைக்கவும் கஷ்டப்படுகிற பிள்ளையிடம் "மனதில் இருப்பதைச் சொல்லு" என்றால் அவள் எதைச் சொல்வாள்? கிளினிக்கில் டொக்டர் கதவைச் சாத்தினார். அவளுக்கு எதிரே இருந்து, வாய் தெரியும்படி மெதுவாகக் கதைத்தார். பிறகு தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்து வகுப்பறையைக் கீறச் சொன்னார்.

அவள் ரீச்சரை முதுகுப் பக்கமாகக் கீறினாள். கொண்டையும் சேலையும் கரும்பலகையும் மட்டும், முகமே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பிள்ளை பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும் படித்தவள். ஐந்தாம் தரம் வரை ஒரே ரீச்சர், முன் வாங்கு. ஆறாம் தரத்தில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கதைக்கிறார்கள், இவளோ உயரம் என்று பின் வாங்கில். திடீரென்று கேள்வி வரும், பிழையாகச் சொல்வாள், வகுப்பே சிரிக்கும். அந்தப் பயம்தான் காலையில் வயிற்றில் நொந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை, நோவு உண்மையானதுதான் என்று டொக்டர் சொன்னார். "நடிக்காதே" என்று நான் ஒருநாள் அடித்ததை நினைத்து அங்கேயே அழுதேன். "நீங்கள் நித்திரை கொள்ளுகிறீர்களா?" என்று என்னிடமும் கேட்டார். ஒன்பது வருசத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். அடுத்த மாதத்திலிருந்து எனக்கும் ஒரு கொப்பி போட்டார்கள்.

டொக்டர் பாடசாலைக்கு ஒரு கடிதம் தந்தார். முன் வாங்கில் இருத்துவது, அவளைப் பார்த்துக் கதைப்பது, கேள்வியைப் பலகையில் எழுதுவது, பக்கத்தில் ஒரு சிநேகிதியை இருத்துவது. இவ்வளவுதான், காசு செலவில்லை. எல்லா ஆசிரியர்களும் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் செய்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. கிளினிக்குக்கு மாதம் ஒருமுறையாக எட்டு மாதம் போனோம்.

சகோதரிகளே, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைவைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் பாடசாலை அனுமதியை மறுக்கக் கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் தெரிந்திருந்தால் அன்றைக்கு நான் பாடசாலையில் கெஞ்சியிருக்க மாட்டேன், கேட்டிருப்பேன். உளநல உதவிக்கு 1926 என்ற இலக்கமும் உண்டு. காது கேளாத பிள்ளைக்குத் தொலைபேசியில் கதைப்பது கஷ்டம். அவளுக்காகத் தாய் எடுக்கலாம்.

2016இல் ஊருக்குத் திரும்பினோம். புதிய பாடசாலையில் கடிதத்தின் பிரதியை முதல் நாளே கொடுத்தேன். 2020இல் கொரோனா வந்து எல்லா ஆசிரியர்களும் வாயை மாஸ்கால் மூடினார்கள். உதடு மறைந்தது. இரண்டாம் கிழமையே வயிற்று நோவு திரும்பி வந்தது. நான் பஸ்ஸுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்தாள். "ரீச்சர், நீங்கள் கதைப்பது எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து பலகையில் எழுதுங்கள்" என்று எழுதி, மடித்து, சீருடைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனாள்.

2021 பங்குனியில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். கணிதம் மட்டும் வரவில்லை.