வலிமையும் முறைமையும்

உடல்வலிமையைப் போற்றுதல் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். தென்மாவட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் உருண்டு திரண்ட கல்லொன்று ஊர்ப்பொது இடத்தில் கிடப்பதை இன்றும் காணலாம். அதற்கு இளவட்டக்கல் என்பது பெயர். அதனைத் தூக்கித் தோளின்மேல் ஏற்றிப் பின்புறம் எறியும் இளைஞனை ஊரார் வீரன் என்று மதித்தனர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் திருநாளையொட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி இக்காலத்தும் நடைபெறுகிறது. ஆடவரேயன்றி மகளிரும் அதில் பங்கு கொள்கின்றனர்.

இக்கல்லைத் தூக்க வலிமை மட்டும் போதாது. கல்லுக்குக் கைப்பிடி இல்லை. அதன் மேற்புறமோ வழவழப்பானது. தூக்குவோன் கால்களை அகற்றிக் குந்தி, இரு கைகளாலும் கல்லை அணைத்து, முதலில் தொடைமீது ஏற்றிக்கொள்வான். பின்னர் அதனை மார்போடு சேர்த்துப் பிடித்துக் கால்களின் வலியால் எழுவான். அதன் பின்னரே கல் தோளுக்கு ஏறும். கல்லை உடலினின்று விலக்கிப் பிடிப்பவனுக்குக் கல் எழாது, இடுப்பே பிடித்துக்கொள்ளும். வலிமைக்குத் துணையாக முறைமையும் வேண்டும் என்பதை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

இளவட்டக்கல் பெற்றிருந்த இடத்தை இந்நாளில் உடற்பயிற்சிக்கூடங்கள் பெற்றுள்ளன. சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தினின்று வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள இராசகீழ்ப்பாக்கத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருகாலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்வூர், பின்னர்ச் செம்பாக்கம் நகராட்சியின் பகுதியாகி, 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. வயலில் உழைத்தவர் இருந்த இடத்தில், நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோர் பெருகினர். முன்பு தொழிலே அளித்த உடலுழைப்பை இன்று தனியே தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. ஆதலின், இத்தகைய புறநகர்களில் உடற்பயிற்சிக்கூடங்கள் தெருத்தோறும் தோன்றலாயின.

பயிற்சி என்பது காலப்போக்கில் போட்டியாகவும் வளர்ந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ‘கிராஸ்ஃபிட்’ என்னும் பயிற்சி நிறுவனம் தோன்றியது. பளு தூக்குதல், கம்பியில் தொங்கி ஏறுதல், ஓடுதல், தாண்டுதல் முதலியவற்றை ஒன்றாக இணைத்து, குறித்த நேரத்துள் யார் மிகுதியாகச் செய்கின்றார் என்று பார்ப்பது அதன் முறை. 2007ஆம் ஆண்டில் அதற்கென ஒரு போட்டியும் தொடங்கப்பெற்றது. இம்முறையும் இதனைப் போன்ற பிறவும் இந்தியாவுக்கும் வந்துள்ளன. இவற்றோடு ஒரு வழக்கும் உடன் வந்தது. போட்டிப் பயிற்சியில் முதன்மையானது வேகமா, முறைமையா என்பதே அவ்வழக்கு.

வேகமே வேண்டும் என்பார் கூற்று இது: போட்டியில் வெல்பவன் மிகுதியாகச் செய்பவனே. களைத்த நிலையில் எவனுடைய உடலும் சிறிது நிலை தளரத்தான் செய்யும். அதற்கு அஞ்சி மெல்லவே பயில்பவன் தன் எல்லையை ஒருநாளும் அறியமாட்டான். கம்பியில் தொங்கியபடி உடலை ஊஞ்சல்போல் ஆட்டி, அந்த விசையால் மேலேறுதலைப் பிழை என்பது பொருந்தாது. அது வேறொரு பயிற்சி. அதற்கும் தனி முறை உண்டு. மேலும், இத்தகைய பயிற்சியில் 1000 மணி நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று காயங்களே நேர்வதாக ஆய்வுகள் சில கூறுகின்றன. பளுதூக்குதல் முதலிய பிற பயிற்சிகளிலும் ஏறக்குறைய இவ்வளவே நேர்கின்றன.

முறைமையே வேண்டும் என்பார் மறுமொழி இது: தளர்ச்சி இயல்பே, ஆயினும் தளர்ந்த பின்னும் பளுவைத் தூக்கச் சொல்வது இயல்பன்று. காயங்கள் தோளிலும் முதுகிலும் மிகுதியாக நேர்வதை அவ்வாய்வுகளே காட்டுகின்றன. ஊஞ்சலாட்டத்தில் எழும் வெட்டிழுப்பைத் தாங்கும் வலிமை தோளுக்கு வருமுன் அப்பயிற்சியைத் தொடங்குவது, சுவர் உலருமுன் கூரை வேய்வதை ஒக்கும்.

இவ்வழக்கைத் தீர்க்க முதுகின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒருவன் முன்னால் குனிந்து பளுவைப் பிடிக்கும்போது முதுகெலும்பு துலாக்கோல்போல் தொழிற்படுகிறது. ஒருபுறம் பளு, மறுபுறம் அதனை ஈடுசெய்து இழுக்கும் முதுகுத் தசை. அத்தசை எலும்பின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 20 கிலோ பளுவை 50 சென்டிமீட்டர் தொலைவில் நீட்டிப் பிடித்தால், தொலைவு பத்து மடங்காதலின், தசை 200 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு இழுக்க வேண்டும். அதே பளுவை 25 சென்டிமீட்டர் தொலைவுக்கு அண்மையில் கொண்டுவந்தால் 100 கிலோ விசையே போதும். உடலின் சொந்த எடையைச் சேர்க்காமல் இட்ட கணக்கு இது. நீர் நிறைந்த குடத்தைப் பெண்டிர் இடுப்போடு ஒட்டி வைத்துச் செல்வதும், இளவட்டக்கல்லை மார்போடு அணைப்பதும் இக்காரணம் பற்றியே.

முதுகு சிறிது வளைந்தாலே கேடு விளையும் என்று கொள்ளுதல் வேண்டா. படிப்படியாகப் பழகிய முதுகு அவ்வளைவைத் தாங்கும் என்று கூறும் ஆய்வாளரும் உளர். கேடு விளைவது, பழகாத உடலில், அளவுக்கு மிஞ்சிய பளு, களைத்த நேரத்தில், திடீரென்று ஏறும்போதாம். முறைமை என்பது ஓவியத்தில் எழுதியதுபோன்ற ஒரே நிலை அன்று; தாங்கும் ஆற்றலுக்குள் பளுவை அடக்கி நிறுத்தும் கட்டுப்பாடே முறைமை.

முறைமையைக் கைவிட்ட போட்டி என்னவாகும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாறே சான்று. 1928 முதல் 1972 வரை ஒலிம்பிக் பளுதூக்குதலில் மூன்று வகைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘பிரஸ்’ என்பது. பளுவைத் தோள்வரை கொண்டுவந்து, காலை மடக்காமல், உடலைச் சாய்க்காமல், கைவலியால் மட்டும் தலைக்குமேல் உயர்த்துதல் அதன் விதி. நாளடைவில் வீரர்கள் இடுப்பை முன்னே தள்ளி, முதுகை வில்போல் பின்னே வளைத்து உயர்த்தத் தொடங்கினர். எவ்வளவு வளைவை ஏற்பது, எவ்வளவை விலக்குவது என்று நடுவர்கள் ஒருமனப்படவில்லை. ஒருவர் சரி என்றதை மற்றொருவர் பிழை என்றார். இடுப்பெலும்புக்குக் கேடு நேரும் என்ற அச்சமும் எழுந்தது. முடிவில், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின்னர் அவ்வகை அறவே நீக்கப்பட்டது. முறைமை குலைந்தபோது உடலின் காப்பு மட்டுமன்றி, போட்டியின் நேர்மையும் உடன் குலைந்தது.

எஞ்சியவை இரண்டு வகைகள். பளுவைத் தரையினின்று ஒரே வீச்சில் தலைக்குமேல் ஏற்றுதல் ‘ஸ்னாட்ச்’. தோளுக்கு ஏற்றிப் பின்னர்த் தலைக்குமேல் உயர்த்துதல் ‘கிளீன் அண்டு ஜெர்க்’. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்று நடுவர்கள் நோக்கியிருப்பர். இருவரேனும் வெள்ளை விளக்கைக் காட்டினால்தான் தூக்கியது செல்லும். பளுவை மேலே ஏற்றியபின் முழங்கை மடங்கி மீண்டும் நிமிர்ந்தால் அது பிழை. பளு மேலே சென்றதா என்பது மட்டுமன்று, எவ்வாறு சென்றது என்பதும் இங்கே வெற்றியின் பகுதியாகும்.

இவ்விளையாட்டில் தமிழ்நாட்டுக்குப் பெருமை தேடித்தந்தவர் வேலூரை அடுத்த சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம். 2014ஆம் ஆண்டில் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில், 77 கிலோ எடைப் பிரிவில், 149 கிலோவும் 179 கிலோவுமாக 328 கிலோ தூக்கித் தங்கப்பதக்கம் பெற்றார். அடுத்த காமன்வெல்த் விளையாட்டுக்கு முன்னர், தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவர் தொடைத்தசையில் காயமுற்றார். அக்காயம் முற்றும் ஆறாத நிலையிலேயே 2018இல் கோல்டு கோஸ்ட் நகரில் அரங்கேறினார். அங்கே 144 கிலோவும் 173 கிலோவுமாக 317 கிலோ தூக்கியபோது தங்கம் உறுதியாயிற்று. எஞ்சிய ஒரு வாய்ப்பை அவர் பயன்படுத்தவில்லை. தூக்கத் தெரிந்தவனே வீரன் என்பர். தூக்காமல் நிறுத்தத் தெரிந்தவன் அவனினும் சிறந்தவன் அன்றோ!

தேர்ந்த வீரருக்கே கட்டுப்பாடு இத்துணை இன்றியமையாதது என்றால், பயிலத் தொடங்கும் மாணவருக்கு அது எத்துணை வேண்டும்! கைப்பேசியில் கண்ட காட்சியைத் துணையாகக் கொண்டு, கற்பிப்பார் இன்றி, நண்பனோடு பந்தயம் கட்டிப் பளு தூக்கும் இளைஞர் பலர். காட்சியில் தோன்றுபவன் பல்லாண்டு பயின்றவன் என்பதை அவர் எண்ணுவதில்லை. ஒரே நாளில் அளவிறந்து பயின்றால் தசைநார்கள் சிதைந்து, அவற்றின் பொருள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குதலும் உண்டு. சென்னையின் கோடை வெப்பமும் நீர்க்குறைவும் சேர்ந்தால் இத்தீங்கு இன்னும் மிகும். பயிற்சிக்குப் பின் தசைகள் கடுமையாக நோவ, சிறுநீர் கருந்தேநீர் நிறமாயின், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் முறையாகக் கற்பிக்கும் நிலையங்கள் நம் நாட்டில் உண்டு. ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் உள்ளது. இராசகீழ்ப்பாக்கத்துக்குத் தெற்கே, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இத்தகைய நிலையங்களில் பயின்ற ஆசிரியரின் கண்காணிப்பில், முதலில் வெறுங்கோலோடு அசைவைக் கற்றலும், அது செம்மையுற்ற பின் சிறிது சிறிதாகப் பளுவைக் கூட்டுதலும், இறுதியாகவே வேகத்தைச் சேர்த்தலும் நன்னெறியாகும்.

வேகத்தை விழைவார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லையைத் தொடாதவன் வளர்வதில்லை என்பது மெய்யே. எனினும் எல்லையைத் தொடுதல் வேறு; எல்லையைக் காணாது வீழ்தல் வேறு. வேகம் முறைமையின்மேல் எழுந்த மாடமாக விளங்குமாயின் அதனால் வெற்றி வரும். முறைமையை இடித்து எழுப்பப்படுமாயின் மாடமும் நில்லாது, மனையும் நில்லாது. இன்று பெறும் ஒரு பரிசுக்காக, அறுபதாண்டுக் காலம் சுமந்து செல்ல வேண்டிய முதுகை ஒருவன் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது. மாணவர்கள் உடலை வளர்க்க. அதனை முறையறிந்து வளர்க்க.